எறும்புக்கு வாரண்டி கிடையாது

எங்கள் தெருவில் யார் எதை வாங்குவதானாலும் கியாரண்டி அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். கேட்காவிட்டாலும் அவர் சொல்லத்தான் போகிறார். கேட்டுவிட்டால் சீக்கிரம் முடியும். என் தையல் கடைக்கு நேர் எதிரே அவருடைய பேக்கரி. நான் கடையைத் திறந்து மிஷினுக்கு எண்ணெய் விடும்போது அங்கே முதல் ஈடு பன் வெந்து வெளியே வரும். அந்த வாசனைக்கு நான் மாதாமாதம் வாடகை கொடுக்க வேண்டும் என்பார் அண்ணன். என் மிஷின் சத்தத்தைச் சும்மா கேட்கிறீர்களே, அதற்கு நீங்கள் கொடுங்கள் என்பேன் நான்.

எதற்கெடுத்தாலும் அவர் வாயில் கியாரண்டிதான். பன்னுக்குக் கியாரண்டி, பக்கத்து வீட்டுப் பெண்ணின் பரீட்சைக்குக் கியாரண்டி, வானத்துக்கும் கியாரண்டி. "இன்னிக்கு மழை வராது, கியாரண்டி" என்று அவர் சொன்னதை நம்பித் துணி காயப்போட்டு, அத்தனையும் நனைந்து, கல்யாணப் பெண்ணின் ரவிக்கையை இஸ்திரிப் பெட்டியால் காயவைத்த கதையை நான் யாரிடமும் சொல்வதில்லை. மனிதர் தங்கம். வாய்தான் கொஞ்சம் நீளம்.

அந்த வாய் அதிகம் புகழ்ந்தது அவருடைய லோடு வண்டிக் கம்பெனியை. முதல் வண்டியை வாங்கி, அது தேயத் தேய ஓட்டி, அதே கம்பெனியில் இரண்டாவதையும் வாங்கினார். முட்டைக்காரர், பெயிண்டர், சலவைக் கடைக்காரர் எல்லோரையும் அவரே ஷோரூமுக்குக் கூட்டிப்போய் வாங்க வைத்தார். தெருவில் அந்த வண்டிகளில் ஏதாவது ஒன்று போனால் மாவுக் கையோடு வாசலுக்கு வந்து, "போகுது பாரு நம்ம வண்டி" என்று பெற்ற பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பார்ப்பார். இதற்கெல்லாம் கம்பெனி அவருக்குச் செய்த மரியாதை ஒரு தொப்பி. அதுவும் தலைக்குச் சின்னது.

தெருவில் ஒருவர் மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. தண்ணீர் கேன் போடுகிறவர். அவர் போட்டிக் கம்பெனி வண்டியை வாங்கிவிட்டார். அன்றிலிருந்து அண்ணன் அந்த வண்டிக்கு வைத்த பெயர் தகர டப்பா. கேன்காரர் பதில் பேச மாட்டார். வண்டியைப் பேக்கரி வாசலில் நிறுத்தி, வேண்டுமென்றே ஹாரனை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போவார்.

ஷோரூமுக்கும் பேக்கரிக்கும் இன்னொரு உறவும் இருந்தது. புது வண்டி எடுக்க வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் அங்கே ஒரு கேக் வெட்டவைத்துக் கைதட்டி அனுப்புவார்கள். அந்தக் கேக் எல்லாம் அண்ணன் மனைவி, எங்கள் பேக்கரி அக்கா கைவேலை. வெள்ளைக் கிரீம் பூசி, மேலே சிவப்புக் கிரீமில் ஒரு குட்டி வண்டி வரைந்துவிடுவார். சக்கரம் மட்டும் எப்போதும் பெரிதாக வந்துவிடும். "டிராக்டர் மாதிரி இருக்குக்கா" என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, "நீ தைக்கிற பாக்கெட்ல கைக்குட்டையே நுழையல, நீ பேசாதேடி" என்றார்.

அக்காவின் தம்பி பூச்செடி விற்கிறவர். தொட்டி, தொட்டி மண், நாற்று எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் வைத்து ஊரைச் சுற்றுவார். மாடி வீட்டுக்காரர்கள் கூப்பிட்டால் தொட்டியைத் தோளில் சுமந்து படியேறுவார். தோள் இரண்டும் காய்த்துப்போயிருந்தன. அவரும் அவர் மனைவியும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்ததில் ஒரு லோடு வண்டி வாங்கலாம் என்ற நிலைமை வந்தது. கேன்காரர் வைத்திருக்கிற மாதிரி வண்டியை வாங்கலாமா என்று தம்பிக்கு ஒரு யோசனை. அக்காவின் தம்பி அந்தத் தகர டப்பாவை வாங்குவதா? அண்ணன் பொங்கிவிட்டார்.

"மாப்ளே, என் பேச்சைக் கேளு. வண்டி யார் வேணா செய்வான். வாங்கின பிறகு கூடவே நிக்கிறவன்தான் கம்பெனி. நான் சொல்றேன், கண்ணை மூடிக்கிட்டு வாங்கு. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா என்னைக் கேளு."

"நீங்க சொன்னா சரி மாமா" என்று தம்பி மறுநாளே முன்பணம் கட்டிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை வண்டி எடுக்க வேண்டும்.

அதற்கு முந்தைய சனிக்கிழமைதான் இந்தக் கூத்து தொடங்கியது. அன்று காலையில் மேட்டுக் கல்லூரி விடுதிக்குத் தைத்த திரைச்சீலைகளைக் கொடுப்பதற்காக நானும் பேக்கரி வண்டியில் ஏறிக்கொண்டேன். கல்லூரி கேன்டீனுக்குப் பன் தட்டுகள் பின்னால். நடுவில் அக்கா, ஓரத்தில் நான், மடியில் திரைச்சீலை மூட்டை. வெயில் அப்போதே சுள்ளென்று அடித்தது. மேட்டில் பாதி ஏறியிருப்போம். வண்டி இரண்டு தடவை இருமியது. பிறகு நின்றுவிட்டது.

"பெட்ரோல் போட்டீங்களா?" என்றார் அக்கா.

"நேத்துதான் போட்டேன்."

"அப்ப ஏன் நிக்குது?"

"நிக்கலடி. மூச்சு வாங்குது."

மூச்சு வாங்கி முடியட்டும் என்று காத்திருந்தோம். சாவியைத் திருப்பினால் புறப்படும், பத்தடி போகும், மறுபடி இருமும். அந்த நேரம் பார்த்துக் கேன்காரரின் வண்டி கேன்களைக் குலுக்கிக்கொண்டு எங்களைத் தாண்டி மேட்டில் ஏறிப்போனது. ஹாரன் அடிக்கவில்லை. அதுதான் அண்ணனுக்குத் தாங்கவில்லை.

"பார்த்தியா, பாவம் பார்த்துட்டுப் போறான்" என்றார்.

கடைசியில் பன் தட்டுகளை நாங்கள் மூன்று பேரும் தலையில் தூக்கிக்கொண்டு மேடேறினோம். கேன்டீன்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சிரித்துவிட்டார். திரைச்சீலையில் பன் வாசனை அடிக்கிறதே என்று விடுதி மேட்ரன் கேட்டதற்கு, இது புது மாதிரித் துணி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அண்ணன் முகத்தில் கவலையே இல்லை. "வாரண்டி இருக்கு. கொண்டுபோய் விட்டா மாலைக்குள்ள தூக்கிக் கையில குடுத்துடுவான். கியாரண்டி." வண்டியை இழுத்துக்கொண்டுபோய் ஷோரூமின் பின்பக்கம் இருக்கும் சர்வீஸ் ஷெட்டில் விட்டார். அங்கே வேலை செய்கிற மெக்கானிக்குகளுக்குக் கொடுக்கலாமென்று ஒரு தட்டு நிறைய ஜாம் பன்னும் கொண்டுபோயிருந்தார். வேறு யாருக்காவது இந்தப் புத்தி வருமா? ரிப்பேருக்கு விடுகிற வண்டிக்குப் பட்சணம் வைத்து அனுப்புகிற மனிதர் இவர் ஒருவர்தான். ஷெட்டில் யாரும் இல்லை. சாப்பிடப் போயிருக்கிறார்கள் என்றார் வாட்ச்மேன். "டிரைவர் சீட்டுல பன் வச்சிருக்கேன், பசங்க வந்ததும் எடுத்துக்கச் சொல்லுங்க" என்று சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

மாலையில் வண்டி வரவில்லை. ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை போன் செய்தால் ஒரு பெண் குரல் இனிமையாகப் பேசி, ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்றது. அழுத்தினார். பாட்டு வந்தது. பாட்டு முடிந்து மறுபடி அதே பெண்.

"இந்தப் பொண்ணு நல்லாத்தான் பேசுது. ஆனா பதில்தான் சொல்ல மாட்டேங்குது" என்றார் அண்ணன்.

"அது ரெக்கார்டுங்க. அதுகிட்ட போய் நல்லாருக்கியாம்மான்னு கேக்கறீங்க" என்றார் அக்கா.

வண்டி இல்லாத பேக்கரியை அந்த நாட்களில் பார்க்க வேண்டுமே! பழைய ஸ்கூட்டரின் பின்னால் தட்டுகளைக் கயிறு போட்டுக் கட்டி, ஒரு நடைக்கு நாலு தட்டாக அண்ணன் ஓடினார். திரும்பி வருவதற்குள் அடுத்த ஈடு ஆறிவிடும். அக்கா பக்கத்துக் கடைகளுக்குக் கூடையில் சுமந்தார். நான் என் பங்குக்கு மிஷினை நிறுத்திவிட்டுப் பன்னுக்குக் காகிதம் சுற்றிக் கொடுத்தேன். கேன்டீன்காரர் நல்லவர், மணியடித்த பிறகு வந்த பன்னையும் வாங்கிக்கொண்டார். ஆனால், "எத்தனை நாள்ங்க இப்படி?" என்று கேட்டுவிட்டார்.

தம்பி தினமும் சாயங்காலம் தள்ளுவண்டியோடு பேக்கரி வாசலுக்கு வந்துவிடுவார். நேராக எதையும் கேட்க மாட்டார். ஒரு டீயை வாங்கிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பிஸ்கட்டைப் பார்ப்பது மாதிரி நிற்பார்.

"வண்டி வந்துச்சா மாமா?"

"வந்துடும் மாப்ளே. ஏதோ பார்ட்ஸ் வரணுமாம்."

"எங்கேருந்து?"

"எங்கேருந்தா? கம்பெனியிலேருந்துதான்."

"சரி மாமா." ஒரு வாய் டீ. "எனக்கு ஒரு வண்டிதான் மாமா. அது நின்னா என் பொழப்பே நின்னுடும். அதான் கேட்டேன்."

"நான் சொல்லித்தானே வாங்குறே? அப்படி விட்டுடுவேனா?"

தம்பி போன பிறகு அண்ணன் மாவைப் போட்டுக் குத்து குத்தென்று குத்தினார். அன்றைய ரொட்டி பஞ்சு மாதிரி வந்தது. அதற்குக் காரணம் கோபம் என்று அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார். "வண்டி போனா போவுது டெய்லர். என் தம்பி இவரை நம்பிப் பணத்தைக் கட்டிட்டான். அவன் பொண்டாட்டி காதுல கழுத்துல ஒண்ணு கிடையாது, எல்லாம் அந்த வண்டிக்குள்ளதான் இருக்கு. இவர் வார்த்தை பொய்யாப் போச்சுன்னா இந்த மனுஷன் தாங்க மாட்டார். எனக்கு அதான் பயம்."

வண்டியைத் திட்டலாம், கம்பெனியைத் திட்டலாம். நம்பி வாங்கியவன் முன்னால் போய் எப்படி நிற்பது?

புதன்கிழமை அக்கா மாவுக் கையைக் கழுவிக்கொண்டு, "கிளம்புங்க, நேர்ல போவோம்" என்றார். "நீயும் வா டெய்லர், உனக்கு வாய் இருக்கு" என்று என்னையும் இழுத்துக்கொண்டார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

முன்பக்கம் ஷோரூம், கண்ணாடி, குளிர்காற்று, பளபளவென்று துடைத்த வண்டிகள், உள்ளே நுழைந்தாலே ஜூஸ். பின்பக்கம் சர்வீஸ், தகரக் கூரை, எண்ணெய்க் கறை, உட்கார ஒரு ஆடுகிற பெஞ்சு. முன்பக்கம் போனால் சார், பின்பக்கம் வந்தால் டோக்கன். எங்கள் டோக்கனைக் கூப்பிட்டபோது எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசர் சட்டை கசங்காத ஆள். தலை நிமிராமலே பேசினார்.

"உங்க வண்டிக்கு வாரண்டி கிடைக்காதுங்க."

"ஏன்?" என்றார் அண்ணன்.

"ஒயர் பெட்டிக்குள்ள எறும்பு. பூச்சி, எலி, எறும்பால வர்ற சேதத்துக்கு வாரண்டி கிடையாது. செலவு உங்களோடது."

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. "எறும்பா? என் வண்டியிலயா? தினமும் ராத்திரி கழுவித் துடைச்சுத்தானே நிறுத்துறோம்? வண்டியைச் சுத்தி எறும்பு சாக்பீஸ்ல கோடு போடுறவ இவ."

"பேக்கரி வண்டிதானே? இனிப்பு இருந்தா வரத்தான் செய்யும்."

"சார், வண்டி மேட்டுல நிக்குதுன்னு கொண்டுவந்து விட்டோம். எறும்பு வந்து மேட்டுல வண்டியைப் பிடிச்சு இழுத்துச்சா?" என்றேன் நான்.

அவர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "நீங்க யாரு?"

"வாய்" என்றார் அக்கா.

வண்டியைக் காட்டுங்கள் என்று கேட்டுப் போய்ப் பார்த்தோம். ஷெட்டின் கடைசி மூலையில், விட்ட இடத்திலேயே நின்றது. மேலே புழுதி படிந்திருந்தது. அண்ணன் கதவைத் திறந்தார். டிரைவர் சீட்டில் ஜாம் பன் தட்டு அப்படியே இருந்தது. ஒரு பன்னைக்கூட யாரும் தொடவில்லை. மனிதர்கள் யாரும் தொடவில்லை என்று சொல்ல வேண்டும். சுவரில் ஒரு வெடிப்பிலிருந்து கிளம்பிய எறும்பு வரிசை, டயரில் ஏறி, கதவு இடுக்கில் நுழைந்து, பன்னில் விருந்து முடித்து, சீட்டுக்கு அடியில் இருந்த ஒயர் பெட்டிக்குள் குடும்பத்தோடு குடியேறிப் போய்க்கொண்டிருந்தது.

அக்கா அந்த வரிசையை விரலால் தொடர்ந்துகொண்டே சுவர்வரை நடந்தார். பிறகு திரும்பினார்.

"இது யார் வீட்டு எறும்பு?"

"என்னம்மா கேக்கறீங்க?" என்றார் கூடவே வந்த சூப்பர்வைசர்.

"எங்க வீட்டு எறும்பு எங்க வீட்ல இருக்கு. இது உங்க சுவத்துலேருந்து வருது. இது உங்க எறும்பு. உங்க எறும்பு செஞ்சதுக்கு நாங்க காசு கட்டணுமா?"

"பன்னு வச்சது யாரு? உங்க வீட்டுக்காரர்தானே?"

"உங்க பசங்க சாப்பிடட்டும்னு வச்சேன்" என்றார் அண்ணன். அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. "வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். சனிக்கிழமை விட்ட வண்டி. இன்னும் கதவைக்கூட நீங்க திறந்து பாக்கலையா?"

"திறந்ததாலதானே எறும்பைப் பார்த்தோம்?"

"எறும்பைப் பார்த்தீங்க. வண்டியைப் பாத்தீங்களா?"

சூப்பர்வைசர் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார். பம்ப்பாக இருக்கலாம், அது வெளியூரிலிருந்து வர வேண்டும், வந்தாலும் எறும்பு இருப்பதால் வாரண்டியில் போட முடியாது, வேண்டுமானால் கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டுங்கள் என்று ஒப்பித்தார். நான் இன்னும் இரண்டு கேள்வி தயாராக வைத்திருந்தேன். அண்ணன் என்னைத் தடுத்துவிட்டார். கையெழுத்தும் போடவில்லை, சண்டையும் போடவில்லை. பன் தட்டைத் தூக்கி எறும்பைத் தட்டிவிட்டு, அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். வழி முழுக்கப் பேசவே இல்லை. அவர் பேசாமல் நடந்து நான் பார்த்ததே கிடையாது. எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

வீட்டு வாசலில் நின்று, "நான் சொல்லி எத்தனை பேர் வாங்கியிருக்கான்!" என்றார். அவ்வளவுதான்.

அன்று இரவே தம்பியிடம் சொல்லிவிடுங்கள் என்றார் அக்கா. அண்ணன் சொல்லத்தான் போனார். தம்பி வீட்டில் வண்டி நிறுத்துவதற்காக வாசலைச் செதுக்கிச் சமன் செய்துகொண்டிருந்தார்களாம். தம்பி மனைவி, "அண்ணா, இந்த அகலம் போதுமா பாருங்க" என்று கேட்டாளாம். போதும்மா என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பேக்கரி மேஜை முழுக்க வெள்ளைக் கேக். அன்று ஷோரூமில் நிறைய வண்டிகள் கைமாறுகிற நாள். அக்கா கிரீம் பையைப் பிழிந்து குட்டி வண்டிகளை வரைந்துகொண்டிருந்தார். கோபத்தில் சக்கரங்கள் இன்னும் பெரிதாகிவிட்டன. போன் அடித்தது. ஷோரூம் மேனேஜர். முன்பக்கத்து மனிதர், தேன் ஒழுகப் பேசுகிறவர்.

"அக்கா, கஸ்டமர்ஸ் வந்துட்டாங்க. கேக் கிளம்பிடுச்சா?"

"கேக் ரெடி சார். வண்டிதான் இல்ல."

"ஏன், உங்க வண்டி எங்கே?"

"உங்க வீட்டுக் கொல்லையில நிக்குது சார். எட்டிப் பாருங்க."

முன்பக்கத்துக்குப் பின்பக்கம் இருப்பதே தெரியாதுபோல. "ஏதாவது ஏற்பாடு பண்ணிக் கொண்டுவந்துடுங்கக்கா, ப்ளீஸ்" என்றார்.

இத்தனை கேக்கை ஸ்கூட்டரில் கட்ட முடியாது. அண்ணன் வாசலில் இப்படியும் அப்படியும் நடந்தார். எதிரே கேன்காரர் வண்டியில் காலி கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் அவரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"போய்க் கேளுங்க" என்றார் அக்கா.

"தகர டப்பான்னு சொல்லியிருக்கேன்டி."

"டப்பாலதான் கேக் பத்திரமா போகும்."

அண்ணன் தெருவைக் கடந்து போனார். என்ன சொன்னாரோ, கேன்காரர் கேன்களை இறக்கிவிட்டு, பின்பக்கத்தைத் துண்டால் துடைத்து, என்னிடம் இருந்த பழைய மெத்தை உறையைக் கேட்டு வாங்கி விரித்தார். பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏறிக்கொண்டு, "டப்பா ரெடி. ஏறுங்க" என்றார். அண்ணனே சிரித்துவிட்டார். அந்த வாரத்தில் அதுதான் அவருடைய முதல் சிரிப்பு.

அண்ணன் முன்னால் ஏற, நானும் அக்காவும் பின்னால் கேக் பெட்டிகளை அணைத்துப் பிடித்தபடி உட்கார்ந்தோம். ஷோரூமுக்கும் அதே மேட்டு வழிதான்; வண்டி சிணுங்காமல் ஏறியது. ஷோரூம் கண்ணில் பட்டதும் அண்ணன் பதறினார்.

"பின்பக்கமா போயிடலாங்க. இந்த வண்டியில கேக் இறங்கினா கம்பெனி மானம் போயிடும்."

"என் வண்டி ஏன் பின்பக்கம் போகணும்?" என்றார் கேன்காரர். நேராக முன்வாசல் சரிவில் ஏற்றி, கம்பெனிக் கொடிக்குக் கீழே கச்சிதமாக நிறுத்தினார். நிறுத்திவிட்டு ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினார்.

கண்ணாடிக்கு உள்ளே ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த குடும்பங்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. தம்பியும் அவர் மனைவியும் அங்கேதான் இருந்தார்கள். தம்பி இஸ்திரி போட்ட சட்டையில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் கதவைத் திறந்து வெளியே வந்தார்.

"ஏம்மா, இந்தக் கம்பெனி வண்டிக்குக் கேக் அந்தக் கம்பெனி வண்டியில வருதே, உங்ககிட்ட வண்டி இல்லையா?"

"இருக்குங்க. இதே கம்பெனிதான். பின்னாடி ஷெட்டுல ஒரு வாரமா தூங்குது" என்றார் அக்கா. மெதுவாகப் பேச அவருக்கு எப்போதுமே வராது. "மேட்டுல நிக்குதுன்னு கொண்டாந்து விட்டோம். இவங்க சுவத்து எறும்பு ஏறிடுச்சு, அதனால வாரண்டி கிடையாதாம்."

"எறும்புக்கா?"

"எறும்புக்குத்தான்."

பெரியவர் உள்ளே போய்ப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் அடுத்தவரிடம் சொன்னார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜூஸ் கோப்பைகள் ஒவ்வொன்றாக மேஜைக்கு இறங்கின. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. சிரிப்பை வரவழைத்துக்கொண்டு எங்களிடம் வந்து, "உள்ள உக்காருங்க, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கத்துக்கு ஓடினார். அவர் அங்கே போட்ட சத்தம் முன்பக்கத்தில் நன்றாகக் கேட்டது. பின்பக்கம் என்று ஒன்று இருப்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

அப்புறம் நடந்த வேலையைப் பார்க்க வேண்டும். வெளியூரிலிருந்து வர வேண்டிய பம்ப் பின்னால் அலமாரியிலேயே இருந்ததாம். காற்றுக் குழாயை வைத்து எறும்பை ஊதினார்கள், பம்ப்பை மாற்றினார்கள், வண்டியைக் கழுவினார்கள். நாங்கள் இரண்டாவது ஜூஸ் குடித்து முடிப்பதற்குள் அண்ணனின் வண்டி பளபளவென்று முன்வாசலுக்கு வந்து நின்றது. புது வண்டிக்குக் கட்டுகிற சிவப்பு ரிப்பனை யாரோ பதற்றத்தில் அதற்கும் கட்டிவிட்டார்கள்.

"எல்லாம் வாரண்டியிலதான், ஒரு பைசா வேண்டாம்" என்று மேனேஜர் கையைக் கூப்பினார். "நீங்க நம்ம குடும்பம் மாதிரி சார்."

அண்ணன் வண்டியைச் சுற்றி வந்தார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் கும்மென்று பிடித்துக்கொண்டது. அவர் கையைப் பானெட்டில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். இனி மனிதர் பழையபடி ஆகிவிடுவார், எனக்குக் காது கிழியப்போகிறது என்று நினைத்தேன்.

உள்ளே தம்பியின் முறை வந்தது. புது வண்டிக்கு முன்னால் மேஜை போட்டு, கேக்கை வைத்து, தம்பி கையில் கத்தியைக் கொடுத்தார்கள். கேமராவைப் பிடித்தபடி ஒரு பெண் சிரிக்கச் சொன்னாள். தம்பி கத்தியைக் கேக்குக்கு மேலே பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்தார்.

"மாமா, வெட்டலாமா?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் அக்கா என் கையைப் பிடித்த பிடியில் எனக்கு வளையல் அழுந்தியது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் சுமுகமாக முடியும். வண்டி சரியாகிவிட்டது, வார்த்தையும் காப்பாற்றப்பட்டது. மேனேஜர் வேறு அண்ணன் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றார்.

"வேண்டாம் மாப்ளே. கத்தியைக் கீழ வை" என்றார் அண்ணன்.

மேனேஜர் கையை எடுத்துவிட்டார். "சார், என்ன சார் இது? அதான் சரி பண்ணிக் குடுத்துட்டோமே! ஓசியில பண்ணியிருக்கோம்!"

"ஓசியில இல்ல சார். அது எனக்குச் சேர வேண்டியது." அண்ணன் கத்தவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் தெளிவாக இருந்தது. "வண்டி நல்ல வண்டி. இப்பவும் சொல்வேன். ஆனா புதன்கிழமை வரைக்கும் நான் உங்களுக்கு எறும்பு வச்ச ஆளு. இன்னிக்குக் கேக் வரலைன்னதும் குடும்பமாயிட்டேன். என் கேக் வேணும், அதனால என் வண்டி ஓடுச்சு." தம்பியைக் காட்டினார். "இவன் செடி விக்கிறவன் சார். இவன் கேக் போடறதில்லை. நாளைக்கு இவன் வண்டி மேட்டுல நின்னா யார் சார் பின்பக்கம் ஓடுவாங்க?"

கேமராப் பெண் கேமராவை இறக்கிவிட்டாள். கண்ணாடி போட்ட பெரியவர் தன் கேக்கைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"நான் சொல்லித்தான் பணம் கட்டினே. நானே கூட இருந்து திருப்பி வாங்கித் தர்றேன். என்னை மன்னிச்சுடு மாப்ளே" என்றார் அண்ணன்.

"என்ன மாமா நீங்க, இதுக்குப் போய்" என்று தம்பி கத்தியைத் தாழ்த்தினார். அவர் மனைவி கத்தியை வாங்கி, கேக்குக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தாள். அவள் முகத்தில் நான் முதலில் பார்த்தது ஏமாற்றம் இல்லை, நிம்மதி.

பணம் திரும்பி வருவதற்கு எழுத வேண்டியதையெல்லாம் எழுதவைத்துவிட்டு வெளியே வந்தோம். கேன்காரர் தன் வண்டியில் சாய்ந்துகொண்டு, நடந்ததை எல்லாம் கண்ணாடி வழியாகப் பார்த்திருந்தார். தம்பி அவரிடம் போனார்.

"அண்ணே, உங்க வண்டி எப்படி?"

கேன்காரர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "சுமார்தான் தம்பி. சத்தம் போடும், சீட்டு முதுகைக் குத்தும். போன வருஷம் கிளட்ச் போச்சு. கொண்டுபோய் விட்டேன், மறுநாள் மாத்திக் குடுத்தான். ஒரு கேள்வி கேக்கலை." கொஞ்சம் நிறுத்தினார். "நான் அவனுக்குத் தண்ணி கேன்கூட போடறதில்லை."

தம்பி தன் மனைவியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள்.

"அந்த ஷோரூம் எங்கே இருக்கு?" என்றார் தம்பி.

கேன்காரர் சொல்வதற்குள் அண்ணன் தன் வண்டியின் கதவைத் திறந்து, ரிப்பனை அவிழ்த்துக் கீழே வைத்தார். "ஏறு மாப்ளே, எனக்கு வழி தெரியும்" என்றார்.